யார் சொல் செல்லும்?

‘செல்லுபடி’ என்ற சொல்லை நாம் முதலில் காசோடு சேர்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். செல்லும் காசு, செல்லாக் காசு. 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது, அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் பெண்கள் சிறுகச் சிறுகச் சேர்த்து மறைத்து வைத்திருந்த பணம் வேறு வழியின்றி வீட்டாரின் கண்முன் வெளியே வந்தது. தாளில் எந்த மாற்றமும் இல்லை. செல்லும், செல்லாது என்று சொல்லும் அதிகாரம் வேறிடத்தில் இருந்தது. ஊர்ப்பேச்சில் இந்தச் சொல் மனிதர்களுக்கும் உண்டு. “அவ பேச்சு அந்த வீட்டுல செல்லாது” என்பார்கள். அவள் சொன்னது பொய் என்று யாரும் நிரூபித்திருக்க மாட்டார்கள். உண்மையா பொய்யா என்று பார்க்கும் சிரமத்தைக்கூட அங்கே யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

ஆய்வு முறையியலிலும் இதே சொல் இருக்கிறது. ஓர் ஆய்வின் முடிவு செல்லுபடியாகுமா, அந்தச் செல்லுபடித்தன்மைக்கு எங்கிருந்தெல்லாம் அச்சுறுத்தல் வரும் என்பது ஆய்வு மாணவர்கள் எல்லோரும் படிக்கும் பாடம். சில நூல்கள் ‘ஏற்புடைமை’ என்று எழுதுகின்றன. நான் செல்லுபடி என்பதையே வைத்துக்கொள்கிறேன். யாரிடம் செல்லும், எதுவரை செல்லும் என்ற கேள்விகள் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன.

நான் தமிழ் இலக்கியம் படித்தவள். முனைவர் பட்ட மாணவிகளுக்கு ஆய்வு நெறிமுறைத் தாள் எடுக்கிறேன். கல்வியியல், சமூகப்பணித் துறைகளில் படிக்கும் பெண்களும் ஆய்வேட்டின் தமிழைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடம் வருவார்கள். அவர்களுடைய ஏடுகளில் இந்த அச்சுறுத்தல்களின் பட்டியலைப் பலமுறை படித்திருக்கிறேன். டொனால்ட் கேம்பெல், ஜூலியன் ஸ்டான்லி என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1963இல் தொகுத்தது அது. வரலாறு, முதிர்ச்சி, சோதித்தலின் தாக்கம், கருவி மாற்றம், சராசரியை நோக்கித் திரும்புதல், தேர்வுச் சார்பு, பங்கேற்பாளர் இழப்பு என்று போகும். தகுதித் தேர்வுக்காக மாணவிகள் இதை மனப்பாடம் செய்கிறார்கள். ஒப்பித்து முடித்ததும் மறந்துவிடுகிறார்கள். மறக்கக்கூடாத பட்டியல் அது என்று நினைக்கிறேன். அதற்கான காரணங்கள் பாடநூல் சொல்வதைவிடச் சற்று அதிகம்.

ஓர் ஆய்வைக் கற்பனை செய்துகொள்வோம். ஒரு கிராமத்தில் சுயஉதவிக் குழுப் பெண்களுக்கு மூன்று மாதப் பயிற்சி. பயிற்சியால் வீட்டில் முடிவெடுக்கும் அதிகாரம் பெண்களுக்குக் கூடுகிறதா என்பது கேள்வி. தொடக்கத்தில் 40 பெண்களிடம் வினாத்தாள் கொடுத்து மதிப்பெண் போடுகிறார்கள். மூன்று மாதம் கழித்து அதே வினாத்தாளைத் திரும்பக் கொடுக்கிறார்கள். மதிப்பெண் கூடியிருக்கிறது. பயிற்சி வெற்றி என்று எழுதிவிடலாமா?

இடையில் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய் அவர்களுடைய வங்கிக் கணக்கில் விழத் தொடங்கியிருக்கலாம். மதிப்பெண்ணை ஏற்றியது பயிற்சியா, அந்தப் பணமா? இதற்குப் பெயர் வரலாறு. மகனுக்குக் கல்யாணமாகி, மருமகளாக இருந்தவள் மாமியாராகியிருக்கலாம். இது முதிர்ச்சி. “உங்கள் உடம்புக்கு என்ன மருத்துவம் என்று யார் முடிவு செய்கிறார்கள்?” என்று முதல் வினாத்தாளில் கேட்டதே ஒருத்தியை உலுக்கியிருக்கலாம். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. பயிற்சிக்கு வராமலேயே அவள் மாறியிருப்பாள். இது சோதித்தலின் தாக்கம். முதல் முறை கேள்வி கேட்டவர் ஆண், இரண்டாம் முறை பெண் என்றால் அது கருவி மாற்றம். மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கியெடுத்திருந்தால், எந்தப் பயிற்சியும் தராவிட்டாலும் அடுத்த முறை கொஞ்சம் ஏறித்தான் காட்டும். அன்றைக்கு மட்டும் மனம் நொந்திருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். சராசரியை நோக்கித் திரும்புதல் என்பது இதுதான். பயிற்சிக்கு வர அனுமதி கிடைத்தவர்கள் ஏற்கெனவே வீட்டில் கொஞ்சம் இடம் உள்ளவர்களாக இருந்தால் அது தேர்வுச் சார்பு.

கடைசியாக இழப்பு. தொடக்கத்தில் 40 பேர், முடிவில் 31 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்பது பேர் எங்கே? ஒருத்தி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருப்பாள். ஒருத்தி குடும்பத்தோடு செங்கல் சூளைக்குப் போயிருப்பாள். ஒருத்தி கூட்டத்துக்குப் போனதற்காக அடி வாங்கி நின்றிருப்பாள். அதிகாரம் மிகக் குறைவாக இருந்தவர்கள்தான் முதலில் உதிர்ந்திருப்பார்கள். அவர்கள் உதிர்ந்ததாலேயே மீதமுள்ளவர்களின் சராசரி ஏறியிருக்கும். அடிபட்டு வெளியேறிய ஒருத்தி, ‘பெண்களின் அதிகாரம் கூடியது’ என்ற வாக்கியத்துக்குத் தன் இல்லாமையால் உதவியிருப்பாள். பழைய நூல்கள் இந்த இழப்பைச் ‘சோதனை இறப்பு’ என்று எழுதின. யாரும் சாகவில்லை, வரவில்லை, அவ்வளவுதான். கணக்குக்கு இரண்டும் ஒன்று.

இந்தப் பட்டியலில் அச்சுறுத்தல் என்று பெயர் பெற்றவை எல்லாம் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் நடக்கிறவை. வயதாவது, கேள்வியால் விழிப்பது, கைக்குப் பணம் வருவது, கணவனுக்குப் பயந்து நின்றுவிடுவது. அவளை மிரட்டியவன் பட்டியலில் இல்லை. மிரட்டப்பட்டு அவள் நின்றது மட்டும் ஆய்வுக்கு அச்சுறுத்தலாகப் பதிவாகிறது. இதிலிருந்து எனக்கு இரண்டு கேள்விகள் பிறக்கின்றன. ஒருத்தியின் வாழ்வில் எது அறிவு, எது இடையூறு என்று பிரிப்பவர் யார்? அப்படிப் பிரித்துப் பெற்ற அறிவுக்கு விலை கொடுப்பவர் யார்?

முதல் கேள்விக்கு ஹாத்தோர்ன் ஆலையைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. கவனிக்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே மனிதர்கள் வேறுமாதிரி நடந்துகொள்வார்கள் என்பதை ‘ஹாத்தோர்ன் விளைவு’ என்று படிக்கிறோம். அந்தப் பெயர் 1950களில் புழக்கத்துக்கு வந்தது. பெயருக்குப் பின்னால் சிகாகோவை ஒட்டிய சிசரோ என்ற ஊரில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் நடத்திய தொலைபேசிக் கருவித் தொழிற்சாலையும், அதற்குள் ஒரு சிறு அறையும், அந்த அறைக்குள் சில இளம்பெண்களும் இருக்கிறார்கள்.

1927 ஏப்ரலில் அந்தச் சோதனை அறை தொடங்கியது. ரிலே என்ற சிறு மின்கருவியைக் கையால் கோர்ப்பது வேலை. ஒவ்வொன்றிலும் சுமார் 35 உதிரிபாகங்கள். ஐந்து பெண்கள் கோர்க்க, ஆறாவது பெண் பாகங்களை எடுத்துக் கொடுத்தாள். கோர்த்து முடித்த ஒவ்வொரு ரிலேயும் ஒரு குழாய் வழியாக விழும்போது காகித நாடாவில் துளை விழும். ஓய்வு நேரம், வேலை நேரம், இடைவேளைச் சிற்றுண்டி என்று ஒவ்வொன்றாக மாற்றி உற்பத்தி கூடுகிறதா என்று பார்த்தார்கள். அந்தப் பெண்கள் பெரும்பாலும் குடியேறிகளின் மகள்கள். ஆய்வு நூலில் அவர்கள் எண்களாக இருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று.

உற்பத்தி கூடியது. பிறகு ஓய்வையும் சிற்றுண்டியையும் நிறுத்தி, பழையபடி வாரம் 48 மணி நேரம் வேலை செய்ய வைத்தபோதும் வார உற்பத்தி குறையவில்லை. இங்கிருந்து ஒரு பெரும் கதை கிளம்பியது. காசும் ஓய்வும் அவ்வளவு முக்கியமில்லை, பரிவான மேற்பார்வையும் தன்னை மதிக்கிறார்கள் என்ற உணர்வும் போதும், தொழிலாளி மகிழ்ச்சியாக உழைப்பாள் என்ற கதை. மேலாண்மைப் பாடநூல்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தன.

பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அந்த அறைக்குள் திரும்பப் போய்ப் பாருங்கள். அறைக்கு வருமுன் அந்தப் பெண்களின் கூலி நூற்றுக்கும் மேற்பட்டோரின் மொத்த உற்பத்தியில் பங்கு. அறைக்குள் வந்தபின் அந்தச் சிறு குழுவின் உற்பத்திக்கு மட்டும் கூலி. அதாவது, வேகமாகக் கோர்த்தால் தன் கைக்கே பணம். கூலி முறையை மட்டும் இப்படி மாற்றிப் பார்த்த இன்னொரு குழுவிலும் உற்பத்தி கூடியது. ‘குறையவில்லை’ என்று சொல்லப்பட்ட அந்த 48 மணி நேரக் காலத்தில் வார மொத்தம் உயர்ந்திருந்தாலும் மணிக்கு இத்தனை என்ற வேகம் இறங்கியிருந்தது. எதை அளவாக எடுக்கிறோம் என்பதைப் பொறுத்துக் கதை மாறும். 1929 அக்டோபருக்குப் பிறகு பெருமந்தம் வந்தது. வெளியே வேலையில்லாதவர்களின் வரிசை நீளும்போது உள்ளே இருப்பவர்கள் வேகமாகத்தான் கோர்ப்பார்கள். வரலாறு என்ற அச்சுறுத்தலுக்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது 1928 ஜனவரியில் நடந்தது. கோர்ப்பவர்களில் இரண்டு பெண்கள் அறையிலிருந்து நீக்கப்பட்டார்கள். அதிகம் பேசினார்கள், ஒத்துழைக்கவில்லை என்பது குற்றச்சாட்டு. விருப்பம்போல வேலை செய்யுங்கள் என்று சொல்லி அழைத்துவரப்பட்டவர்கள், அதை நம்பியவர்கள். நீக்கப்பட்டவர்களில் ஒருத்தியின் எதிர்ப்புக்கு அவளுடைய ரத்த சோகை காரணமாகக் காட்டப்பட்டது. அவர்களுடைய இடத்துக்கு வேகமாக வேலை செய்யும் இரண்டு பெண்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஒருத்தி வீட்டில் சாவு விழுந்து, குடும்பத்தின் பாரம் தன் தலைக்கு வந்தவள். பணம் அவளுக்கு அவசியம். அவள்தான் அறைக்குள் மற்றவர்களை முடுக்குபவளாக மாறினாள். உற்பத்தியில் முக்கியமான ஏற்றம் இதற்குப் பிறகு வந்தது.

பேசியவர்களை அனுப்பிவிட்டு, மிஞ்சியவர்களை அளந்து, ‘இந்தப் பெண்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்’ என்று எழுதினார்கள். 1967இல் அலெக்ஸ் கேரி இந்த ஆய்வின் தரவு அதன் முடிவைத் தாங்கவில்லை என்று கடுமையாக எழுதினார். 1978இல் பிராங்கி, கால் இருவரும் எண்களைப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்து, அந்த ஆள்மாற்றம் என்ற ஒழுங்கு நடவடிக்கை, பெருமந்தம், ஓய்வு ஆகியவையே உற்பத்தி ஏறி இறங்கியதன் பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்றார்கள்.

இவர்களுக்கு நடுவில், 1974இல், ஜோன் ஆக்கர் என்ற பெண்ணியச் சமூகவியலாளர் டொனால்ட் வான் ஹூட்டனோடு சேர்ந்து வேறொன்றைக் கவனித்தார். அதே ஆலையில் ஆண்களை வைத்தும் ஓர் ஆய்வு நடந்தது. கம்பி இணைக்கும் அறையில் 14 ஆண்கள். அவர்கள் தங்களுக்குள் ஓர் அளவு வைத்துக்கொண்டு அதற்குமேல் உற்பத்தி செய்ய மறுத்தார்கள். அதற்காக யாரும் அவர்களை நீக்கவில்லை. அருகில் உட்கார்ந்து கவனித்து, குழு தனக்கென விதிகளை உருவாக்கிக்கொள்கிறது என்று கோட்பாடு எழுதினார்கள். ஆண்கள் ஒத்துழைக்காதபோது அது கண்டுபிடிப்பு ஆனது. பெண்கள் ஒத்துழைக்காதபோது ஆளை மாற்றினார்கள். ஒரே ஆலை, ஒரே ஆய்வுத் திட்டம். எது தரவு, எது இடையூறு என்ற கோடு ஆணுக்கு ஓரிடத்திலும் பெண்ணுக்கு வேறிடத்திலும் விழுந்தது.

இதைப் படித்துவிட்டு, ‘அறிவியல், செல்லுபடி எல்லாம் ஆண்களின் சூது, நமக்கு நம் அனுபவம் போதும்’ என்று சொல்லும் தோழிகள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஹாத்தோர்ன் கதையை உடைத்தது எது என்று பாருங்கள். அதே பட்டியல்தான். ஆக்கர் செய்ததும் ஒப்பீடு, தேர்வுச் சார்பைக் கேள்வி கேட்டல். செல்லுபடியைப் பற்றிய கவலை அந்த அறையில் அதிகமாக இருந்ததால் தவறு நடக்கவில்லை. போதாததால் நடந்தது.

அந்தக் கவலை இல்லாத இடத்தில் பெண்ணுடலுக்கு என்ன நடக்கும் என்பதற்கு இன்னொரு வரலாறு உண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் மாரடைப்பு குறையும் என்று மேற்கத்திய மருத்துவ உலகம் நீண்ட காலம் நம்பியது. நம்பிக்கைக்கு ஆதாரமும் இருந்தது. மாத்திரை எடுத்த பெண்களையும் எடுக்காத பெண்களையும் ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகளில், எடுத்தவர்களுக்கு இதயநோய் குறைவாகத் தெரிந்தது. ஆனால் மாத்திரை எடுத்தவர்கள் யார்? பெரும்பாலும் படித்தவர்கள், வசதி உள்ளவர்கள், மருத்துவரிடம் ஒழுங்காகப் போகிறவர்கள். அவர்களுடைய இதயத்தைக் காத்தது மாத்திரையா, வசதியா?

பிரித்தறிய ஒரே வழி, யாருக்கு மாத்திரை, யாருக்கு வெற்று மாத்திரை என்பதைக் குலுக்கலுக்கு விடுவது. அமெரிக்காவில் ‘பெண்கள் நல முன்னெடுப்பு’ என்ற பேராய்வில் 50 முதல் 79 வயதுவரையான 16,608 பெண்களைக் கொண்டு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையை அப்படிச் சோதித்தார்கள். 2002 ஜூலையில் அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தவேண்டி வந்தது. ஆண்டுக்கு 10,000 பெண்களுக்கு 8 பேர் என்ற கணக்கில் மார்பகப் புற்றுநோய் கூடியிருந்தது. பக்கவாதமும் 8 கூடியது. குறையும் என்று நம்பிய இதயநோய் 7 கூடியது. இடுப்பெலும்பு முறிவும் பெருங்குடல் புற்றுநோயும் குறைந்தன. எண்கள் சிறியவைதாம். ஆனால் இதயத்தைக் காக்கும் என்று சொல்லி லட்சக்கணக்கான பெண்களிடம் கொடுக்கப்பட்ட மாத்திரை அது. குலுக்கல் என்ற அந்த எளிய ஏற்பாடு இல்லையென்றால், வசதியான பெண்களின் ஆரோக்கியத்தை மாத்திரையின் ஆரோக்கியம் என்று நாம் இன்னும் நம்பிக்கொண்டிருப்போம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் கற்றுத்தந்தது. பங்கேற்றவர்களின் சராசரி வயது 63. மாதவிடாய் நின்ற கையோடு, 50 வயதில், உடல் தகிப்பும் தூக்கமின்மையும் தாங்காமல் மாத்திரை கேட்கும் பெண்ணுக்கு இந்த முடிவு அப்படியே பொருந்துமா? பொருந்தாமல் போகலாம் என்று பின்னால் விவாதம் எழுந்தது. முடிவு உண்மைதானா என்பது அகச் செல்லுபடி. யாருக்கு உண்மை என்பது புறச் செல்லுபடி. பெண்கள் அதிகம் ஏமாற்றப்பட்டது இரண்டாவதில். ஆஸ்பிரின் முதல் மாரடைப்பைத் தடுக்கும் என்று 1980களின் இறுதியில் நிறுவிய புகழ்பெற்ற அமெரிக்க ஆய்வில் 22,071 மருத்துவர்கள் பங்கேற்றார்கள். அத்தனை பேரும் ஆண்கள். 1977இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களைத் தொடக்கநிலை மருந்துச் சோதனைகளில் சேர்க்கவேண்டாம் என்று வழிகாட்டியது. 1993 வரை அது இருந்தது. கருவைக் காப்பது ஒரு காரணம். மாதச் சுழற்சியால் பெண்ணுடல் மாறிக்கொண்டே இருக்கும், கணக்கைக் குழப்பும் என்பது ஆய்வுலகம் பொதுவாகச் சொல்லிவந்த இன்னொரு காரணம். பெண்ணுடலே ஓர் அச்சுறுத்தல் என்பதுதான் அதன் பொருள். வெளியே வைத்துவிட்டு, மருந்தை மட்டும் அவளுக்கும் எழுதிக்கொடுத்தார்கள்.

2005இல் 39,876 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு வந்தபோது, ஆஸ்பிரின் பெண்களின் முதல் மாரடைப்பைக் குறிப்பிடும்படி குறைக்கவில்லை, பக்கவாதத்தைத்தான் குறைத்தது என்று தெரிந்தது. இதை வைத்து ஆணுடலும் பெண்ணுடலும் நேரெதிர் என்று உடனே முழக்கம் போடவும் கூடாது. இரண்டு ஆய்விலும் மருந்தின் அளவு வேறு, காலம் வேறு. நமக்குப் பிடித்த முடிவுக்கும் அதே பட்டியலைப் பிடித்துக் காட்டவேண்டும். செல்லுபடி என்பது என்னைப் பொறுத்தவரை ஒரு நாவடக்கம். பார்த்ததற்குமேல் பேசாமலிருக்கும் கட்டுப்பாடு. அதிகாரம் உள்ளவர்களுக்கு அது இல்லாததால்தான் நாம் அடிபட்டோம். நமக்கும் அது வேண்டாம் என்று சொல்வது தீர்வாகாது.

இனி இரண்டாவது கேள்வி. இதற்கான எடுத்துக்காட்டு நம் திண்டுக்கல் மாவட்டத்திலேயே இருக்கிறது. எனக்கு எளிதான விடை இல்லாத இடமும் இதுதான்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களை, குறிப்பாக ஏழைப் பெண்களை, அதிகம் கொல்லும் நோய்களில் ஒன்று. முன்கூட்டியே கண்டுபிடித்தால் தடுக்கமுடியும். பாப் சோதனை பல பத்தாண்டுகளாகப் பணக்கார நாடுகளில் உண்டு. அதற்கு ஆய்வகமும் தேர்ந்த ஆட்களும் வேண்டும். அவை இல்லாத இடத்தில், நீர்த்த அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, வெளுத்த திட்டு தெரிகிறதா என்று செவிலியர் கண்ணால் பார்க்கும் எளிய முறை ஒன்று இருக்கிறது. அந்த முறை உயிரைக் காக்குமா என்று கண்டறிய 2000ஆம் ஆண்டில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. 114 ஊர்த்தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயதுவரையான 49,311 பெண்களுக்குப் பரிசோதனை தர முன்வந்தார்கள். அவர்களில் 31,343 பேர் செய்துகொண்டார்கள். மற்ற 57 தொகுதிகளில் இருந்த 30,958 பெண்களுக்கு வழக்கமான கவனிப்பு.

2006 வரை பின்தொடர்ந்தார்கள். முடிவு 2007இல் லான்செட் இதழில் வந்தது. பரிசோதனை தந்த பகுதியில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் 83 பெண்கள் இறந்தார்கள். ஒப்பீட்டுப் பகுதியில், பெண்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவாக இருந்தும், 92 பேர். இறப்பு விகிதம் 35 சதவீதம் குறைந்தது என்று கணக்கு சொன்னது. முறை வேலை செய்கிறது.

இந்த முடிவு இவ்வளவு உறுதியாக இருப்பதற்குக் காரணம் ஒப்பீட்டுக் குழு. அந்த 30,958 பெண்கள் இல்லாவிட்டால், இறப்பு குறைந்ததற்குச் சாலை வந்தது காரணமா, மருத்துவமனை வந்தது காரணமா, பரிசோதனை காரணமா என்று சொல்லமுடியாது. அந்த 92 பேரின் சாவு சான்றாகியது. மும்பையிலும் உஸ்மானாபாத்திலும் இதேபோல் பரிசோதிக்கப்படாத ஒப்பீட்டுக் குழுவோடு ஆய்வுகள் நடந்தன. பிற்பாடு இவற்றின் அறம் பற்றி மருத்துவ அறவியலாளர்கள் கடுமையாக விவாதித்தார்கள். முன்கூட்டிய பரிசோதனை உயிரைக் காக்கும் என்று ஏற்கெனவே தெரியும்போது, ஒரு பகுதிப் பெண்களைப் பரிசோதனையின்றி வைத்து எண்ணியது எப்படிச் சரி என்றார்கள் விமர்சித்தவர்கள். இந்த எளிய முறை இறப்பைக் குறைக்கும் என்று அதுவரை நிறுவப்படவில்லை, ஆய்வு நடக்காவிட்டாலும் அந்தப் பெண்களுக்கு எந்தப் பரிசோதனையும் கிடைத்திருக்காது, யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை என்றார்கள் ஆய்வை ஆதரித்தவர்கள்.

இரண்டு தரப்பையும் என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. இன்று அரசு மருத்துவமனையில் இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்ளும் பெண்ணுக்குப் பின்னால் இத்தகைய ஆய்வுகள் தந்த உறுதி இருக்கிறது. ஆனாலும் ‘வழக்கமான கவனிப்பு’ என்ற சொற்றொடர் என்னை விடுவதில்லை. வழக்கம் என்றால் அங்கே ஒன்றுமில்லை என்று பொருள். வெள்ளைப்படுதலையும் ரத்தப்போக்கையும் யாரிடமும் சொல்லாமல் சகித்துக்கொள்வது வழக்கம். முற்றியபிறகு ஆஸ்பத்திரிக்குப் போவது வழக்கம். அந்த வழக்கத்தைச் சமூகம் உருவாக்கியது. ஆய்வு அதை ஓர் அடிக்கோடாக எடுத்துக்கொண்டது. ‘எப்படியும் கிடைத்திருக்காது’ என்ற வாதம், ஏழைப் பெண்ணுக்கு இழைக்கப்பட்ட பழைய அநீதியைப் புதிய அநீதிக்கு அனுமதிச்சீட்டாக மாற்றுகிறது. லண்டனிலோ பாரிஸிலோ இப்படி ஓர் ஒப்பீட்டுக் குழு அமைத்திருக்க முடியாது. அங்கே வழக்கம் வேறு.

செல்லுபடிக்கும் நீதிக்கும் நடுவே ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றும் இல்லை. 1986இல் ஆப்பிரிக்காவின் காம்பியாவில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை நாடு முழுக்க ஒரே நாளில் கொண்டுபோக முடியாத நிலை. சில ஆண்டுகளில் எல்லாப் பகுதிக்கும் போய்ச்சேர வேண்டும், எந்தப் பகுதிக்கு முதலில் என்பதை மட்டும் குலுக்கலில் எடுப்போம் என்று முடிவு செய்தார்கள். காத்திருக்கும் பகுதி ஒப்பீட்டுக் குழுவாக இருக்கும். ஆனால் அதற்கும் முறை வரும். படிப்படியாக நுழையும் வடிவமைப்பு என்று இதைச் சொல்கிறார்கள். எல்லா ஆய்வுக்கும் இது பொருந்தாது. மெதுவாக வளரும் புற்றுநோய்க்குச் சில ஆண்டுக் காத்திருப்புப் போதாமல் போகலாம். இருந்தாலும், வேறு வடிவம் உண்டா என்று தேடிப் பார்ப்பது ஆய்வாளரின் கடமைகளில் ஒன்று. ஒப்பீட்டுக் குழுவை விட்டால் வழியில்லை என்ற இடத்தில்கூட, அந்தக் குழுவில் இருந்தவர்கள் நமக்கு அறிவைக் கடனாகக் கொடுத்தவர்கள். முடிவு தெரிந்ததும் முதலில் தட்டவேண்டிய கதவு அவர்களுடையது. எந்த ஆய்வுத் திட்டத்திலும் அந்தச் செலவு முதல் நாளே எழுதப்பட்டிருக்கவேண்டும்.

என்னிடம் ஏடு திருத்தக் கொண்டுவரும் மாணவிகளிடம் இப்போதெல்லாம் தமிழோடு சேர்த்து மூன்று கேள்விகளையும் கேட்கிறேன். உன் ஆய்விலிருந்து நின்றுபோனவர்கள் யார், அவர்களைத் தேடிப் போனாயா? பேசியதால் யாராவது வெளியேற்றப்பட்டார்களா? உன் ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன பாக்கி வைத்திருக்கிறாய்? முதலில் விழிப்பார்கள். வழிகாட்டி இதையெல்லாம் கேட்கமாட்டார் மேடம் என்பார்கள். ஒரு பெண் மட்டும் போன மாதம் திரும்பி வந்தாள். வளரிளம் பெண்களுக்கான ரத்த சோகை விழிப்புணர்வுத் திட்டம் ஒன்றை மதிப்பிடும் ஏடு. இடையில் நின்றுபோன ஏழு பேரில் ஐந்து பேரின் வீட்டுக்குப் போய்வந்திருந்தாள். இரண்டு பேருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அவர்களுக்கு வயது பதினாறு.

அவளுடைய ஏட்டில் ‘பங்கேற்பாளர் இழப்பு: 7’ என்று இருந்த வரி இப்போது இரண்டு பக்கமாகியிருக்கிறது. மதிப்பெண் எவ்வளவு கூடியது என்ற அட்டவணையைவிட அந்த இரண்டு பக்கம் அந்த ஊரைப் பற்றி அதிகம் சொல்கிறது. அதை எந்த இயலில் வைப்பது என்று கேட்டாள். முடிவுகள் என்ற இயலிலேயே வை என்று சொல்லியிருக்கிறேன்.